நினைவகம் எந்தப் பக்கம்? கணினிக்குள் ஒரு காணிப் பிரச்சினை

2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது போக, நமது கரையோர வீடுகளில் மிஞ்சிய அறபுத்தமிழ்க் கிதாபுகளையும் பழைய சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து, கணினியில் தேடக்கூடியதாக ஆக்கும் வேலையில் சில காலம் ஈடுபட்டிருந்தேன். அதற்கென இரண்டு புரொசஸர்கள் பொருத்திய பழைய சேவர் ஒன்று கிடைத்தது. பெரிய மெஷின்தான். ஆனால் பலர் ஒரே நேரத்தில் தேடினால் இழுத்து இழுத்துத்தான் ஓடியது. தன் மூத்தவாப்பாவின் பாடலைத் தேடி வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இதவிட அலுமாரியில தேடியிருந்தா கெதியா எடுத்திருக்கலாமே" என்றார்.

நினைவகம் போதாது என்று நினைத்து, புதிதாக வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கினோம். பிறகுதான் விளங்கியது: நினைவகம் தாராளமாக இருந்தது, அது இருந்த இடம்தான் பிழை.

முன்பெல்லாம் பெரும்பாலான சேவர்களில் எல்லாப் புரொசஸர்களும் ஒரே பாதையால் பொது நினைவகத்துக்குப் போய்வந்தன. 2003இல் ஏஎம்டியின் ஒப்டெரான், சில ஆண்டுகளில் இன்டெலின் நெஹேலம் ஆகியவை வந்தபோது, ஒவ்வொரு புரொசஸரும் தனக்குப் பக்கத்திலேயே சொந்த நினைவகத்தை வைத்துக்கொண்டது. புரொசஸரும் அதன் நினைவகமும் சேர்ந்தது ஒரு கணு. அடுத்த கணுவின் நினைவகத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் தூரம் கூட. இந்த அமைப்புக்கு 'நியூமா' என்று பெயர். லினக்ஸில் 'நியூமாசிடிஎல்' என்ற கருவியிடம் கேட்டால் தூரத்தை எண்ணாகவே காட்டும். சொந்தக் கணுவுக்கு 10 என்றால், அடுத்த கணுவுக்குப் பெரும்பாலும் 20 அல்லது 21.

அப்படியானால் ஒரு தரவை எந்தக் கணுவில் வைப்பது? இதைத் தீர்மானிப்பது இயங்குதளத்தின் கொள்கை. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஒரு நிரல் நினைவகம் கேட்டதும் இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போது கிடைப்பது காணி உறுதி மட்டுமே. காணி இன்னும் அளந்து கொடுபடவில்லை. நிரல் முதன்முதலாக அந்தப் பக்கத்தில் எழுதும்போதுதான், எழுதிய புரொசஸரின் கணுவில் இடம் ஒதுக்கப்படுகிறது. 'முதல் தொடுகை' என்பது இதுதான். லினக்ஸின் வழமையான கொள்கையும் இதுவே.

எங்கள் தேடல் நிரல் தொடங்கும்போது, ஒரே ஒரு இழை முழு அட்டவணையையும் ஏற்றியது. ஆகவே எல்லாப் பக்கங்களும் முதலாம் கணுவில் குவிந்தன. பிறகு இரண்டு புரொசஸர்களும் தேடின. ஒன்றுக்குத் தூரம், இரண்டுக்கும் நெரிசல். சாய்ந்தமருதில் இருப்பவரும் மருதமுனையில் இருப்பவரும் ஒரே கடைக்கு முன்னால் வரிசையில் நின்றது போல. மற்றக் கணுவோ சும்மா கிடந்தது.

மாற்று வழிகள் உண்டு. பக்கங்களை எல்லாக் கணுக்களிலும் முறைவைத்துப் பரப்பலாம். ஒரு கணுவுக்குள் மட்டும் கட்டிவைக்கலாம். ஒரு கணுவை விரும்பி, அங்கு இடமில்லையென்றால் மற்றதற்குப் போகச் சொல்லலாம். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் தரவுக்கு அருகிலுள்ள இடம் நல்லது. எல்லோரும் பயன்படுத்தும் தரவுக்குப் பரப்புவதே நல்லது. கட்டிவைப்பதில் ஆபத்தும் உண்டு: அந்தக் கணு நிரம்பினால், பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தாலும் நிரல் திணறும்.

'லினக்ஸ் தானாகவே சரிசெய்யாதா?' என்று கேட்கலாம். 2013, 2014ஆம் ஆண்டுகளில் வந்த கேர்னல்களிலிருந்து அந்த வசதி உண்டு. எந்தப் பக்கத்தை யார் தொடுகிறார் என்று இடைக்கிடை கவனித்து, அவரின் கணுவுக்கு அதை நகர்த்தும். ஆனால் இரு தரப்பும் சமமாகத் தொடும் பக்கத்தை எங்கே நகர்த்துவது? எங்கள் அட்டவணை அப்படிப்பட்டது.

நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. நிரலைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் நியூமாசிடிஎல்லைப் போட்டு, பரப்பும் கொள்கையைக் கேட்டோம். பாதித் தொடுகைகள் இப்போதும் தூரத்துக்குத்தான் போகின்றன. ஆனால் சுமை இரண்டு பக்கமும் பகிர்ந்துவிட்டது. தேடல் தடங்கலின்றி ஓடியது. சேர்த்த பணத்தில் இன்னும் சில கிதாபுகளை ஸ்கேன் செய்தோம்.

பாடசாலையிலோ அலுவலகத்திலோ இரண்டு புரொசஸர் சேவர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நினைவகம் வாங்கக் காசு கொடுக்குமுன், இருக்கிற நினைவகம் எந்தக் கணுவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒருக்கா பாருங்கள்.