லட்சம் போட்டோ எடுத்தார்... பெரும்பாலும் யாருக்கும் காட்டவில்லை!

காலையில் போட்ட போட்டோவுக்கு மதியத்துக்குள் எத்தனை லைக் என்று எண்ணுகிறவரா நீங்கள்? விவியன் மேயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் சிகாகோவில் வீடுகளில் தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா. மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கும் ரகம். எதிரில் இருப்பவருக்குப் படமெடுப்பதே சட்டென்று தெரியாது! தெருக்குழந்தைகள், வழிப்போக்கர்கள், கண்ணாடியில் தெரியும் தன் உருவம் என ஒரு லட்சத்துக்கும் மேல் எடுத்தார். ஏராளமான ஃபிலிம் ரோல்களைக் கழுவக்கூட இல்லை. அதாவது, அந்தப் படங்களை அவரே பார்த்ததில்லை.

2007-ல் வாடகை பாக்கிக்காக அவருடைய பெட்டிகள் ஏலம் போயின. வாங்கியவர்களில் ஒருவரான ஜான் மாலூஃப் 2009 அக்டோபரில் படங்களை இணையத்தில் போட, உலகமே வியந்தது. மேயர் அந்த ஏப்ரலிலேயே, 83 வயதில் இறந்துவிட்டார்.

'தனக்காக மட்டுமே எடுத்தார்' என்கிறார்கள். எனக்குச் சந்தேகம்தான். பிரான்ஸில் தன் அம்மா ஊர்ப்பக்கத்து ஸ்டூடியோக்காரருக்கு, படங்களை பிரின்ட் போட்டுத் தருவது பற்றி அவர் எழுதிய கடிதம் ஒன்று 'ஃபைண்டிங் விவியன் மேயர்' ஆவணப்படத்தில் வருகிறது. ஆசை இருந்திருக்கிறது. ஆயா சம்பளத்தில் எத்தனை ரோல்தான் கழுவ முடியும்?

இன்று அந்தப் படங்கள் கேலரிகளில் விற்கின்றன. சம்மதமா என்று கேட்கத்தான் அவர் இல்லை.