கடனில் ஸ்கூட்டரா, சேமிப்பில் ஸ்கூட்டரா?

1980-களில் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பலருக்கு அதற்குள் பணமும் சேர்ந்தது. இன்றோ வண்டி உடனே வீடு வருகிறது, தவணை பின்தொடர்கிறது.

சற்றே கணக்கிடுவோம். கடன் 90,000 ரூபாய்; தவணைக்காலம் 3 ஆண்டுகள்; "வட்டி பத்தே சதவீதம்" என்கின்றனர். மொத்த வட்டி 27,000. மாதத் தவணை 3,250. அசல் மாதந்தோறும் குறைந்தாலும், வட்டி முதல் தொகை முழுவதற்கும் வாங்கப்படுகிறது. ஆதலின் உண்மை வட்டி ஏறத்தாழ 18 சதவீதம்! அதே 3,250 ரூபாயை வங்கியில் மாதந்தோறும் தொடர்வைப்பாகச் செலுத்தினால், 28 மாதங்களில் 91,000 சேரும், வட்டி வேறு.

வண்டியின்றிப் பிழைப்பு நடவாதெனில் கடன் குற்றமன்று. குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிடும் வங்கியை நாடுக. மற்றையோர், தவணை கட்டக் காட்டும் பொறுமையைச் சேமிப்பதில் காட்டலாகாதா? கணவனும் மனைவியும் கலந்து பேசிய பின்னரே கையெழுத்திடுங்கள்.