ஊராட்சியை ஆய்ந்த பொருளியல் பேராசிரியர் ஜான் மத்தாய்

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்களில் 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை, மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்கள் இல்லை. 2019 டிசம்பரில் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றபோதும், அவ்வாண்டில் புதிதாக உருவான தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிருவகித்தனர். அன்றாடப் பணிகளை அலுவலர்களே நடத்திவிட முடியுமானால், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. இவ்வினாவை ஆராயப் புகுவோர்க்கு 1915ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு நூல் பெரிதும் துணை செய்கிறது. 'பிரிட்டிஷ் இந்தியாவில் கிராம ஆட்சி' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய அந்நூலை இயற்றியவர் டாக்டர் ஜான் மத்தாய்.

1886இல் கோழிக்கோட்டில் பிறந்த மத்தாய், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். சிறிது காலம் சென்னையில் வழக்கறிஞர் தொழில் புரிந்தபின் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டிலும் இலண்டன் பொருளியல் கல்லூரியிலும் உயர்கல்வி பெற்றார். தாயகம் திரும்பிச் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1922 முதல் 1925 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். பின்னாளில் சுங்கத் தீர்வை வாரியம், டாட்டா நிறுவனம், நடுவண் அமைச்சரவை எனப் பல பொறுப்புகளை அவர் வகித்தபோதும், அவருடைய அறிவுப் பயணம் தொடங்கிய இடம் கிராமமே ஆகும்.

அந்நூலின் அமைப்பே நம் கருத்தைக் கவர்கிறது. பஞ்சாயத்து எத்தனை பேரைக் கொண்டது, எங்ஙனம் கூடிற்று என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. கல்வி, வறியோர் உதவி, துப்புரவு, பொதுப்பணி, ஊர்க்காவல், நீதி வழங்கல் என ஊர் செய்துவந்த வேலைகளையே இயல்களாகப் பகுத்துக்கொண்டார். ஓர் ஊர் தன்னைத்தானே ஆண்டதா என்பதை அறிய, அது என்னென்ன வேலைகளைத் தானே செய்தது என்று காண்பதே தக்க வழி என்பது இதன் உட்பொருள்.

நூலுக்கு முன்னுரை வழங்கியவர் உள்ளாட்சி வரலாற்றில் துறைபோகிய ஆங்கில அறிஞர் சிட்னி வெப். அவர் 1911-12இல் இந்தியாவில் பயணம் செய்தவர். நடு இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிய ஒரு கலெக்டரைப் பற்றி அம்முன்னுரையில் அவர் கூறும் செய்தி சிந்திக்கத்தக்கது. தம் ஆளுகைக்குட்பட்ட ஊர்களில் பஞ்சாயத்து என ஒன்று இருப்பதையே அக்கலெக்டர் அறிந்திருக்கவில்லை. தனியாக விசாரித்தபோதுதான், ஊர்தோறும் அத்தகைய அமைப்பு இயங்குவதையும், வழக்குகளைத் தீர்த்துத் தண்டமும் விதிப்பதையும் கண்டறிந்தார். சட்டத்தில் இடம்பெறாத ஒன்று அலுவலகக் கோப்பில் இடம்பெறுவதில்லை. கோப்பில் இல்லாததை ஆட்சியாளர் இல்லாததாகவே கொள்கின்றனர்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. சட்டத்தில் இடம் தந்தும் உயிர் தராமல் விடுவது அது. 1816இல் சென்னை மாகாண அரசு ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு வழக்கு விசாரிக்கும் உரிமையைச் சட்டத்தால் அளித்தது. ஆயினும் அவற்றை நாடியோர் மிகச் சிலரே. குளத்தை நம்பி வாழும் நம் வட்டாரத்தார்க்குக் குடிமராமத்து நன்கு விளங்கும். கரையைப் பலப்படுத்துவதும் மடையையும் வாய்க்காலையும் தூர்வாருவதும் பாசனதாரர்களின் கூட்டுக் கடமையாக இருந்தன. அவ்வழக்கம் தளர்ந்தபோது, 1858ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது, தளர்ச்சியோ நிற்கவில்லை. குளத்தின் மீதுள்ள உரிமையும் வருவாயும் அரசிடம் சென்றுவிட, உழைப்பு மட்டும் ஊராரிடம் எஞ்சியதே இதற்குக் காரணம் என நாம் கருதுகிறோம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, செலவில் பத்து விழுக்காடு பாசனதாரர்களின் பங்காக வகுக்கப்பட்டது. பெரும்பகுதிப் பணம் அரசினுடையது.

பழைய ஊராட்சியைப் பொற்காலமாகக் காண்பது பிழையாகும். 1948 நவம்பரில் அரசியல் நிருணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கிராமத்தின் குறுகிய மனப்பான்மையையும் வகுப்புவாதத்தையும் கடுமையாகச் சாடினார். அதே மாதத்தில், கே. சந்தானம் கொணர்ந்த திருத்தத்தின்வழிப் பஞ்சாயத்து அமைப்பு வழிகாட்டும் நெறிகளுள் இடம்பெற்றது. அதுவே 40ஆம் பிரிவு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு அளித்து அம்பேத்கரின் கண்டனத்துக்கு ஒருவாறு விடை கூறியது. ஆனால் மத்தாய் எழுப்பிய வினாவுக்கு அது முழு விடை தரவில்லை. பதினோராவது அட்டவணை 29 பணிகளைக் குறிப்பிடினும், அவற்றை ஊராட்சிக்குத் தருவதும் தராததும் மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது.

மத்தாய் நிதியமைச்சராக இருந்து 1950இல் பதவி விலகினார். அவ்வாண்டு அமைக்கப்பட்ட திட்டக் குழு, அமைச்சரவையின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. மக்களுக்கு விடை சொல்ல வேண்டியவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என்னும் நிலையை அவர் ஏற்கவில்லை. இளமையில் ஊராட்சியை ஆய்ந்தவரின் பார்வை இம்முடிவிலும் தொடர்கிறது எனக் கொள்ளலாம். 1957இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான அவர், 1959இல் மறைந்தார்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். தனி அலுவலர் தெருவிளக்கை எரியச் செய்யலாம், குடிநீரும் வழங்கலாம். ஆனால் எரியாத விளக்குக்காக அவர் மேலதிகாரிக்கு விடை சொல்வாரேயன்றி, அத்தெருவில் குடியிருப்போர்க்கு விடை சொல்லும் கடப்பாடு அவருக்கு இல்லை. தமிழகத்தின் 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். தேர்தல் உரிய காலத்தில் நடைபெற வேண்டும் எனக் கேட்பது முதற்படி. நம் ஊராட்சியின் கையில் எந்த வேலை உள்ளது, அதற்குரிய பணம் யாரிடம் உள்ளது என்று கேட்பது அடுத்த படி. கிராமசபையில் இவ்விரண்டையும் கேட்க, அவ்வூரின் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.