பிடிக்கும்போது கேட்காத சான்று, கொடுக்கும்போது ஏன்?

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று மூன்று எழுத்து இருக்கிறது. அதற்கு எதிரே ஒரு சிறு தொகை இருக்கிறது. 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் தோழரின் கூலியில், 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி நூற்றுக்கு முக்கால் வீதம், மாதம் 113 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக நூற்றுக்கு மூன்றேகால் வீதம் 488 ரூபாய் கட்டுகிறார். அவர் கட்டுவதும் வானத்திலிருந்து விழுந்த பணமல்ல; உழைப்பில் விளைந்த பணமே. ஆக, மாதம் 600 ரூபாய்க்கு மேல் ஒரு தொழிலாளியின் பெயரால் நிதியில் சேருகிறது.

இந்தப் பணத்தைப் பிடிக்கும்போது யாரும் சான்று கேட்பதில்லை. 'நீ உண்மையிலேயே உழைத்தாயா? மேஸ்திரி கையெழுத்து எங்கே? முத்திரைத்தாளில் எழுதிக் கொண்டுவா' என்று எவரும் வழிமறிப்பதில்லை. கேளாமலே பிடிக்கிறார்கள், தவறாமல் பிடிக்கிறார்கள். ஆனால் ஆலை மூடியது, வேலை போயிற்று, அடுப்பில் பூனை உறங்குகிறது என்று அதே தொழிலாளி அதே நிதியின் வாசலில் போய் நின்றால்? அன்றுதான் தொடங்குகிறது சான்று கேட்கும் படலம்!

நாம் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று. வேலை பறிபோனதற்கான சான்று யார் கையில் இருக்கிறது? வேலையைப் பறித்தவர் கையில். அதைக் கொண்டுவா என்று யாரிடம் கேட்கிறார்கள்? வேலையைப் பறிகொடுத்தவரிடம். இது எந்த ஊர் நியாயம்?

அரை நூற்றாண்டு காத்திருந்த உரிமை

பேராசிரியர் ஆதார்கர் 1944-ல் அறிக்கை தந்தார். 1948-ல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24-ம் நாள் கான்பூரில் பண்டித நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழகத்தில் 1955 ஜனவரி 23-ம் நாள், பஞ்சாலைகளின் தலைநகரான கோவையில் அது முதன்முதலாகக் கால் வைத்தது. நோய்க்கு உதவி உண்டு, பிள்ளைப்பேற்றுக்கு உதவி உண்டு, எந்திரத்தில் கை போனால் உதவி உண்டு என்றார்கள். மறுக்கவில்லை, அது பெரிய காரியந்தான். ஆனால் வேலையே போனால் என்ன உதவி என்ற கேள்விக்கு மட்டும் அரை நூற்றாண்டு வரை விடை வரவில்லை.

2005 ஏப்ரல் முதல் நாளில் ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா. 2018 ஜூலை முதல் நாளில் இன்னொன்று வந்தது. அதன் பெயர் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. காப்பீடு பெற்றவர் நலத் திட்டம் என்று தமிழில் சொல்லியிருந்தால் அம்பத்தூர்த் தொழிலாளிக்குப் புரிந்திருக்கும். பெயரைப் படிக்கவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால், உரிமையைக் கேட்க எத்தனை பேர் வேண்டும்?

முதல் திட்டம், ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, வேலைக்குத் தொடர்பில்லாத காரணத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ படி தருவதாகச் சொன்னது. பின்னர் அது 24 மாதம் வரை நீட்டப்பட்டது. முதல் 12 மாதம் பாதிச் சம்பளம். அடுத்த 12 மாதம் கால் பங்கு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. வாசலில் நிற்கும் காவலைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். கதவடைப்பா? இல்லை. சட்டவிரோதம் என்று அறிவித்த வேலைநிறுத்தமா? இல்லை. விருப்ப ஓய்வா? இல்லை. தானாக வேலையை விட்டவரா? இல்லவே இல்லை.

ஒரு கையெழுத்தின் விலை

தானாக விட்டவர்! இந்த இரண்டு சொல்லில்தான் அத்தனை சூதும் அடங்கியிருக்கிறது. எந்த முதலாளி 'ஆட்குறைப்பு செய்கிறேன்' என்று எழுதிக் கொடுக்கிறார்? ஆட்குறைப்பு என்றால் முன்னறிவிப்பு வேண்டும், இழப்பீடு வேண்டும், சர்க்காருக்குத் தகவல் வேண்டும். ராஜினாமா என்றால் ஒன்றும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளும் தொழிலாளியின் கையெழுத்தும் போதும். 'கையெழுத்துப் போடு, கணக்குத் தீர்த்து இன்றே பணம் தருகிறோம். போடாவிட்டால் அலைய வேண்டிவரும்' என்று அலுவலக அறையில் அமைதியாகச் சொன்னால், வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கண்முன் நிற்கும் தொழிலாளி என்ன செய்வார்? போடுகிறார். போட்ட அந்த நொடியில், பத்தாண்டு காலம் கட்டிய காப்பீடு அவர் கையை விட்டுப் போகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்துவந்த பெரிய ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதை நாடறியும். ஆனால் மூடுவதற்கு முன்பே, அதே ஆண்டில், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் 'விருப்ப ஓய்வு' பெற்று வெளியேறியிருந்தனர். இருபத்தைந்து வயதில் ஓய்வை விரும்புகிறவர் உலகில் எவரேனும் உண்டா? மூழ்கும் கப்பலிலிருந்து குதித்தவரைப் பார்த்து, 'நீயாகத்தானே குதித்தாய்' என்று கேட்கிறது விதி.

இன்று கையெழுத்துக்கூட வேண்டியதில்லை. மாதந்தோறும் கணிப்பொறியில் சந்தாக் கணக்கு ஏற்றும்போது, ஒருவருக்குச் சம்பளம் இல்லையென்றால் காரணம் என்ன என்று ஒரு பட்டியல் கேட்கிறது. 'வேலையை விட்டுச் சென்றார்' என்பது ஒரு வரி. 'ஆட்குறைப்பு' என்பது இன்னொரு வரி. எந்த வரியைத் தட்டுவது என்பது கம்பெனிக் கணக்கரின் விரலில் இருக்கிறது. விரல் ஒரு வரி மேலே விழுந்தால் தொழிலாளி உதவிக்கு உரியவர். ஒரு வரி கீழே விழுந்தால் ஓடிப்போனவர்!

காண்ட்ராக்ட் தொழிலாளியின் நிலை இதைவிட மோசம். 1984-ல் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தி, குறித்த காலத்துக்கு என்று எடுத்த வேலை அந்தக் காலம் முடிந்து போவது ஆட்குறைப்பு ஆகாது என்று எழுதிவிட்டார்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே விலக்கு தொடர்கிறது. பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, மீண்டும் பதினோரு மாதம் என்று ஓடுகிறவரிடம் சந்தா மட்டும் தடையின்றி வாங்குகிறார்கள். வேலை போனால் மட்டும், 'உனக்குப் போனது வேலையல்ல, காலம்' என்று இலக்கணம் பேசுகிறார்கள்.

2020 உடைத்த பூட்டு

2018-ல் வந்த இரண்டாவது திட்டத்தைப் பாருங்கள். வேலை போன பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சராசரி நாள் கூலியில் கால் பங்கு, அதிகம் போனால் 90 நாளைக்கு, அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி வாங்கியவருக்கு 125 ரூபாய். 90 நாளைக்கு 11,250 ரூபாய். அதைப் பெறவும் பழைய முதலாளி வழியாகவே விண்ணப்பம் போக வேண்டும்; பிரமாண வாக்குமூலமும் எழுதித் தரவேண்டும். வெளியே தள்ளியவரிடமே போய், 'என்னைத் தள்ளியது உண்மைதான் என்று சொல்லுங்கள் ஐயா' என்று கை கட்டி நிற்க வேண்டும்!

பிறகு 2020 வந்தது. நோய் பரவியது, நாடு பூட்டப்பட்டது, ஆலைகள் உறங்கின, உழைப்பாளர் கூட்டம் நெடுஞ்சாலையில் நடந்தது. அப்போதுதான் டில்லிக்குக் கண் திறந்தது. அந்த ஆகஸ்டில் விதியைத் தளர்த்தினார்கள். கால் பங்கு அரைப் பங்கு ஆயிற்று. மூன்று மாதக் காத்திருப்பு ஒரு மாதம் ஆயிற்று. முதலாளி வழியாக வரவேண்டியதில்லை, நேரே கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம், பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள். நவம்பரில் பிரமாண வாக்குமூலமும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

நாம் இதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். முதலாளியின் கையெழுத்து இல்லாமல் 2020-ல் பணம் தர முடிந்தது என்றால், 2018-ல் அந்தக் கையெழுத்து எதற்காக இருந்தது? பூட்டைத் திறக்கச் சாவி இருந்தது; திறக்க மனந்தான் இல்லை என்பது விளங்குகிறதல்லவா? அந்தச் சலுகையும் சோதனைத் திட்டத்தின் மேல் ஒட்டிய சலுகை. தவணை தவணையாக நீட்டப்பட்டது. உரிமை என்பது சட்டத்தில் வேர் விட்டு நிற்க வேண்டும். ஆணையின் கிளையில் தொங்குவது அடுத்த காற்றுக்கு விழுந்துவிடும்.

இங்கிலாந்து கற்ற பாடம்

'சான்று கேட்காவிட்டால் சோம்பேறிகள் புகுந்துவிடுவார்களே' என்பர் சிலர். இது புதிய வாதமல்ல. 1911-ல் லாயிட் ஜார்ஜ் இங்கிலாந்தில் வேலையின்மைக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது வாரம் 7 ஷில்லிங் உதவி தந்தார்கள். உலகப் போர் முடிந்து வேலையின்மை பெருகியதும், 1921-ல், 'உண்மையாகவே வேலை தேடினேன் என்று நீயே நிரூபி' என்று ஒரு விதியைப் புகுத்தினார்கள். இல்லாத வேலையைத் தேடி ஊர் ஊராக நடந்ததற்குச் சுரங்கத் தொழிலாளி எந்தச் சுவரிடம் சாட்சி கேட்பார்? லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. தொழிற்சங்கங்கள் ஓயாமல் போராடின. 1930-ல், தொழிற்கட்சி ஆட்சியில், அந்த விதி நீக்கப்பட்டது. 'தகுந்த வேலை கொடுத்தும் இவர் மறுத்தார்' என்று நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரியின் தலைக்கு மாறியது. சுமை இடம் மாறியது, அவ்வளவுதான். நாமும் அதைத்தான் கேட்கிறோம்.

'அரசு நிதி வேண்டாம், தனியார் காப்பீடு வாங்கிக்கொள்' என்று சொல்வோரும் உண்டு. அதே இங்கிலாந்தில் வங்கிகள் கடனோடு சேர்த்து, வேலை போனாலும் நோய் வந்தாலும் தவணை கட்டும் காப்பீடு என்று ஒன்றை விற்றன. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் விற்றன. விதிப்படி அவர்களில் பலர் ஒருநாளும் பணம் கேட்கவே முடியாது! வழக்கு மன்றத்தில் வங்கிகள் 2011-ல் தோற்றன. அதன்பின் அவை திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல். இங்கும் வீட்டுக் கடனோடு 'வேலை இழப்புக் காப்பு' என்று விற்க வருவோர் உண்டு. கையெழுத்துப் போடுமுன், எதற்கு இல்லை என்று எழுதிய பக்கத்தை முதலில் படியுங்கள். ராஜினாமா, தகுதிகாண் காலம், தற்காலிக வேலை என்று அங்கேயும் அதே காவல் நிற்கக் காண்பீர்கள்.

78 நாள் கணக்கு

வேலை போனால் மட்டுமல்ல, படுத்துவிட்டாலும் இதே கதைதான். நோய்க்கால உதவி ஆண்டில் 91 நாள், கூலியில் நூற்றுக்கு 70 பங்கு. அதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்ற ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். முழு மாதம் உழைத்தவருக்குப் பத்து நாள் மட்டும் கணக்குக் காட்டும் காண்ட்ராக்டர் இல்லையா? பிடித்த பணத்தைக் கட்டாமலே விழுங்குகிறவர் இல்லையா? அப்படி விழுங்குவது நம்பிக்கை மோசடி என்று தண்டனைச் சட்டமே சொல்கிறது. 1948 சட்டத்தின் 68-வது பிரிவோ, முதலாளி சந்தா கட்டாததால் தொழிலாளிக்கு உதவி தடைப்பட்டால், நிறுவனமே உதவியைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று வழி காட்டியது. நோய்க்கு ஒப்புக்கொண்ட அந்த நீதி வேலையின்மைக்கு மட்டும் கசப்பானேன்?

செய்ய வேண்டியவை

நமது கோரிக்கை தெளிவானது. வேலை போனது தொழிலாளியின் விருப்பத்தால்தான் என்று முதலாளி நிரூபிக்கட்டும். நிரூபிக்கும்வரை உதவி நடக்கட்டும். தொழிலாளர் அதிகாரியின் முன் ஒப்புக்கொள்ளாத ராஜினாமா செல்லாது என்று ஆக்கட்டும். குறித்த காலம் முடிந்து வெளியேறுபவருக்கும் உதவி உண்டு என்று எழுதட்டும். சலுகைகளைச் சட்டமாக்கட்டும்.

சட்டம் வரும்வரை நம் தோழர்கள் சும்மா இருக்கலாகாது. கிளைதோறும் தொழிலாளர் பணியில் இருப்போர் மூன்று காரியம் செய்க. முதலாவது, ஒவ்வொரு தொழிலாளியும் தம் காப்பீட்டு எண்ணை வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சந்தா எத்தனை நாளுக்கு ஏறியிருக்கிறது என்று பார்க்கச் செய்க. இரண்டாவது, வெள்ளைத்தாளில் எவரும் கையெழுத்திடாதபடி எச்சரிக்கை செய்க. நெருக்கி வாங்கிவிட்டால் அன்றைக்கே, நெருக்கி வாங்கினார்கள் என்று முதலாளிக்கும் தொழிலாளர் அதிகாரிக்கும் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் எழுதச் செய்க. நாள் கடந்தால் அந்தக் கடிதத்தின் வலிமை குறையும். மூன்றாவது, ஆலை மூடும் செய்தி காதில் விழுந்தவுடனே, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவின் நகல் இவற்றைச் சேகரித்து வைக்கச் செய்க. பூட்டுப் போட்டபின் எதுவும் வெளியே வராது.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தோழர், மாலையில் ஒரு மணி நேரம் படிப்பகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால், அந்தப் பேட்டையில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்கும். கேட்பது பிச்சையல்ல, கூலியிலிருந்து முன்கூட்டியே கட்டி வைத்த பணம். கணக்கோடு கேட்போம், கூட்டமாகக் கேட்போம், கொடுக்கும்வரை கேட்போம்!