ஓடாத குதிரைகள் ஓடிய தூரம் தெரியுமா?

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வள்ளம் உண்டு, வலை உண்டு, கருவாட்டு வாசம் உண்டு. குதிரைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த ஊர்க் கோயிலின் பாதுகாவலரே ஒரு குதிரைவீரர், தெரியுமா? புனித யாகப்பர் பிறப்பால் மீனவர். கலிலேயாக் கடலில் வலையைப் போட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனவர். பல நூற்றாண்டு கழித்து ஸ்பெயின்காரரின் பக்தி அவரை வெள்ளைக் குதிரைமேல் ஏற்றிவைத்தது. போர்த்துக்கேயர் காலத்தில் அவர் வழிபாடு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியது. கிளாலி யாகப்பர்மேல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 17ஆம் நூற்றாண்டிலேயே ‘சந்தியோகுமையோர் அம்மானை’ பாடிவிட்டார். அம்மானை என்றால் என்ன? பெண்பிள்ளைகள் காயை எறிந்து பிடித்தபடி பாடும் விளையாட்டு! குதிரையேறிய புனிதர் கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு விளையாட்டுப் பாட்டுக்குள்.

உயிருள்ள குதிரை பார்க்க வேண்டுமென்றால் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகலாம். ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் வம்சம் அங்கே கட்டற்று மேய்கிறது. ஆனால் இன்று நாம் பேசப்போவது புல் தின்னாத குதிரைகளைப் பற்றி. மரத்தாலான குதிரைகள். அவற்றில் ஒன்று மரத்தூள் தின்னும், தெரியுமா?

லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட, ஆலிஸின் இரண்டாவது கதையில் வருகிறது அது. கண்ணாடிக்கு அப்பால் ஓர் உலகம். அந்த உலகம் முழுக்க ஒரு சதுரங்கப் பலகை. சிற்றோடைகள் கட்டம் பிரிக்கின்றன, ஆலிஸ் சிப்பாயாக இறங்கி ராணியாகக் கரையேறுகிறாள். வழியில் புதரில் ஒரு பூச்சி! உடம்பு முழுக்க மரம், உருவம் பிள்ளைகள் ஏறி ஆடும் மரக்குதிரை. கிளைக்குக் கிளை ஊஞ்சலாடித்தான் நகரும். சாப்பாடு மரச்சாறும் மரத்தூளும். கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில் இப்படியொரு விளையாட்டு உலகத்தைக் கட்டியவர் ஆக்ஸ்போர்டில் கணிதம் படிப்பித்த ஆசிரியர் என்பதை நம்ப முடிகிறதா?

கணினி வந்த பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. 2006இல் ‘ஒப்ளிவியன்’ என்ற மாயலோக விளையாட்டில் குதிரைக்குக் கவசம் விற்றார்கள். விலை இரண்டரை டொலர். இல்லாத குதிரைக்கு இல்லாத கவசம், காசு மட்டும் உண்மை! உலகமே சிரித்தது. பிறகு அதே வியாபாரத்தைத்தான் உலகமே செய்தது.

திரைக் குதிரையை விட்டு மரத்துக்கே திரும்புவோம். ஆடும் மரக்குதிரைக்கு நம் பக்கத்தில் பேர்போன ஊர் பெங்களூருவுக்கும் மைசூருக்கும் நடுவிலுள்ள சன்னபட்டணா. அங்கே காலங்காலமாகப் பொம்மைக்கு எடுக்கும் மரம் வேறொன்றுமில்லை, தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்ச இலை பறிப்போமே, அந்த வெட்பாலைதான்! நிறம் ஏற்றும் வித்தையைப் பாருங்கள்: தூரிகை இல்லை. கடைசலில் மரத்துண்டு சுழல்கிறது. நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார் தச்சர். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு ஒரு தாழை ஓலைத் துண்டை வைத்துத் தேய்க்க, கண்ணாடி மினுக்கம்! வாயில் வைத்துக் கடிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சாயம் ஏது?

வளைந்த சட்டத்தின்மேல் ஆடும் பழைய குதிரையில் ஒரு வில்லங்கம் உண்டு. வேகம் கூடினால் பிள்ளையோடு கவிழும், தரையில் கைவிரல் இருந்தால் நசுக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து மார்க்வா என்பவர் 1880இல் அசையாத தாங்கியில் குதிரையைத் தொங்கவிட்டுக் காப்புரிமை வாங்கினார். இன்றும் பல மரக்குதிரைகள் அந்த முறையில்தான் ஆடுகின்றன.

நம்மவர்கள் சும்மா இருந்தார்களா? குறுந்தொகை 61ஆம் பாட்டில் தச்சன் செய்த சிறு வண்டி வருகிறது. அதில் பூட்டியிருப்பது குதிரை என்று உரை கொள்வார் உண்டு. பிள்ளைகள் அதில் ஏறிப் போவதில்லை, கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் வேட்டைத் திருவிழாவிலோ சுவாமியே மரக்குதிரை ஏறுவார். முன்னங்கால் தூக்கிய அந்த வாகனத்தைத் தண்டோடு தோளில் ஏந்திய ஆட்கள் முன்னும் பின்னும் ஆட்டி வரும்போது பாருங்கள்: ஊரே சேர்ந்து ஆட்டும் ஆடுகுதிரை! தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையில் இன்னொரு கூத்து: குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டியவரின் கால்களே மரக்கட்டை.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் குதிரை ஒன்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வேதாந்த தேசிகர், அரங்கனின் பாதுகைகள்மேல் சமஸ்கிருதத்தில் ‘பாதுகா சகஸ்ரம்’ பாடினார். ஒரே இரவில் பாடினார் என்பது மரபு. அதன் சித்திரப் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு சுலோகங்கள். ஒவ்வொன்றும் 32 எழுத்து. முதலாவதை வரிசைக்கு எட்டாக நாலு வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். அதாவது சதுரங்கப் பலகையில் பாதி. இப்போது முதல் கட்டத்தில் குதிரையை வைத்து, குதிரை பாயும் முறையிலேயே கட்டம் கட்டமாக எழுத்துகளை வாசியுங்கள். ஒரு கட்டமும் விடுபடாது, ஒரு கட்டமும் இரண்டாம் முறை வராது, வாசித்து முடித்தால் கையில் இருப்பது இரண்டாவது சுலோகம்! பொருளும் உண்டு, யாப்பும் பிசகவில்லை. இதே குதிரைப் பாய்ச்சலை ஐரோப்பாவில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்தது 1759இல். தேசிகர் அவருக்கு நாலு நூற்றாண்டு மூத்தவர். வாள் சுழற்றும் எந்தக் கணினி விளையாட்டிலும் இப்படியொரு புதிரை நான் கண்டதில்லை. விளையாட்டுச் செயலி எழுதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளே, இதை யாராவது திரைக்குக் கொண்டுவாருங்களேன்.

அதுவரை வீட்டிலிருக்கும் சதுரங்கப் பலகையில் பாதியை மறைத்துவிட்டு, ஒரு குதிரையை மட்டும் வைத்து 32 கட்டத்தையும் சுற்றிப் பாருங்கள். முடியும். ஆனால் சுற்றி முடித்த இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் புறப்பட்ட கட்டத்துக்குத் திரும்பப் பார்க்காதீர்கள்; நாலு வரிசைப் பலகையில் அது எவராலும் முடியாது என்பது நிரூபணமான கணிதம்.