கடுவன் மணலில் முக்கினால்

பூனை மணல் தட்டில் போய்க் குந்துகிறது. அடிவயிறு இறுக முக்குகிறது, எழுந்து மணலை மூடுகிறது, ஐந்து நிமிடத்தில் திரும்பவும் அதே இடம். மலச்சிக்கல் என்று நினைத்துப் பலர் விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். என் கடுவனுக்கும் ஒரு சாயங்காலம் முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தேன். தட்டைக் கிளறியபோதுதான், காலையிலிருந்து மணலில் ஓர் ஈரக்கட்டிகூட இல்லை என்பது உறைத்தது. அன்றிரவே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான்.

பெட்டைக்கும் நீர்க்கடுப்பு வரும். ஆனால் உயிருக்கே ஆபத்தாவது பெரும்பாலும் கடுவனுக்குத்தான். அதன் சிறுநீர் வெளியேறும் குழாய் நுனியில் மிகக் குறுகியது. சளியும் உப்புப் படிகமும் சேர்ந்த சின்ன அடைப்பு போதும், வழி மூடிவிடும். சிறுநீர்ப்பை பாறைபோல் இறுகும், சிறுநீரகம் திணறும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். முழுதாக அடைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போகலாம். வாந்தியும் சோர்வும் அதற்கு முன்பே வந்துவிடும். அடிக்கடி தட்டுக்குப் போவது, கத்துவது, பிறப்புறுப்பை விடாமல் நக்குவது, சிவந்த சொட்டுகள், குளியலறைத் தரையிலோ மெத்தையிலோ சிறுநீர் கழிப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர் வருகிறதா என்பதை. வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், பை கிழியக்கூடும்.

‘சூடு பிடித்திருக்கிறது’ என்று இளநீர் கொடுப்பவர்கள் உண்டு. இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக்கிடக்கும் உடம்பு அது. சிரிஞ்சில் தண்ணீர் புகட்டினாலும், போக வழியில்லாத பைதான் மேலும் வீங்கும். அதைவிடக் கொடியது வீட்டிலிருக்கும் பாராசிட்டமால். மனிதக் கல்லீரல் செய்வதுபோல் அந்த மருந்தைச் சிதைக்கப் பூனையின் கல்லீரலால் முடியாது. ஒரே மாத்திரை கொன்றுவிடும். இபுபுரூஃபனும் நஞ்சுதான். அடைப்புக்கு மருத்துவமனையில்தான் வழி: மயக்கம் கொடுத்துக் கதீட்டர் செலுத்துவார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள், பொட்டாசியத்தைக் கண்காணிப்பார்கள்.

அடைப்பு இல்லாத நீர்க்கடுப்பில் வேறொரு தவறு நடக்கிறது. ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று சொல்லி மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிவிடுகிறோம். பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் கிருமித்தொற்று மிகக் குறைவு. பெரும்பாலும் கிருமியே இல்லாத பை அழற்சிதான் காரணம். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, அழுக்குத் தட்டு என்று மனஉளைச்சல் அதைக் கிளப்பும். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வயதான பூனைக்கும், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளதற்கும் கிருமி உண்மையிலேயே வரும். ஆகவே மருத்துவரிடம் கேளுங்கள்: சிறுநீர்ப் பரிசோதனை செய்தீர்களா, கல்ச்சர் வேண்டுமா, ஸ்கேனில் கல் தெரிகிறதா? ஸ்ட்ரூவைட் கல்லைத் தனி உணவால் பெரும்பாலும் கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட் கரையாது. மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி சிகிச்சை தர வேண்டியவர் பதிவுபெற்ற மருத்துவர், கடைக்காரர் அல்ல. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எந்த ஊரானாலும், இரவில் திறந்திருக்கும் இடம் எது என்று பூனை நலமாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. எலியின் உடம்பிலுள்ள ஈரத்தையே நம்பி வாழ்ந்ததால் தாகம் குறைவு. அதற்கு நாம் பத்து சதவீத ஈரம்கூடத் தேறாத உலர் தீனியை மட்டும் வைத்தால் சிறுநீர் கெட்டிப்படும். நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்துச் சுமார் 200 மில்லி வேண்டும். எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் நீருள்ள ஈர உணவு பாதி வேலையை முடித்துவிடும். நெத்திலியோ கோழியோ உப்பில்லாமல் வேகவைத்த நீரை ஆறவைத்து ஊற்றினால் ஆசையாய் நக்கும். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் குழம்புச் சாறு கூடவே கூடாது. பால் தண்ணீருக்கு மாற்றல்ல. பல பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். மீசை இடிக்காத அகலக் கிண்ணங்களை மணல் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வைத்துத் தினமும் நீரை மாற்றுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்கட்டும்.

போதுமான தண்ணீரும் உணவும் தராததும், தகுந்த காரணமின்றித் தெருவில் விட்டுவருவதும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றங்கள். முதல் குற்றத்துக்கு அதில் எழுதியுள்ள அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஓர் உயிருக்கு இந்தத் தொகை போதாது. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அடைப்பு எடுத்த கடுவனுக்கு முதல் வாரத்திலேயே மீண்டும் அடைக்கலாம். வீட்டுக்கு வந்ததும் தினம் இருவேளை மணலைக் கிளறி ஈரக்கட்டிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை சட்டென்று குறைந்தாலோ, கட்டிகள் சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்தாலோ, அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.