ஓடும் வீட்டில் நிற்கும் மேசை

சக்கரங்களின் மேல் வீடு – 9

வீட்டுச் சாப்பாட்டு மேசையை அதன் எடையே தரையில் நிறுத்திவைக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும் வீட்டிலோ அதே எடைதான் அதை இடம்பெயர்க்கப் பார்க்கிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதும் வண்டி வேகம் குறைய, உள்ளே கட்டப்படாமல் இருக்கும் ஒவ்வொரு பொருளும் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்ல முயல்கிறது. எனவே அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கப்படும் சுற்றுலா வாழ்வண்டிகளில், அதாவது சொந்த எஞ்சினில் ஓடும் மோட்டார் ஹோம், காரின் பின்னால் இழுக்கப்படும் டிரெய்லர், பிக்கப் வண்டியின் பின்தளத்தில் கொக்கி மாட்டி இழுக்கப்படும் ஃபிஃப்த் வீல் ஆகிய மூன்றிலும், மேசையை ஏதேனும் ஒரு வகையில் பிடித்துவைத்தே ஆகவேண்டும். ஆனால் அந்தப் பிடி நிரந்தரமானதாகவும் இருக்க முடியாது; ஏனெனில் பகலில் மேசையாக இருப்பதே இரவில் படுக்கையாக வேண்டும். அலமாரிக் கதவுகளுக்கு இந்த இரட்டை வேலை இல்லை; மேசைக்கு உண்டு. அதன் பலவீனங்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

இந்த ஏற்பாட்டின் மூதாதையை ரயிலில் தேடவேண்டும். 1860களில் ஜார்ஜ் புல்மன் அமெரிக்க இருப்புப்பாதைகளில் பரவச் செய்த படுக்கைப் பெட்டிகளில் இரண்டு இருக்கைகள் எதிரெதிரே அமைந்திருந்தன. உணவு வேளையில் அவற்றின் நடுவே, ஒரு முனை பெட்டியின் சுவரில் பொருந்தவும் மறுமுனை மடங்கும் காலில் நிற்கவும், ஒரு மேசை மாட்டப்பட்டது. இரவில் மேசை அகற்றப்பட்டு, இருக்கைகள் இரண்டும் நடுவே இழுத்துச் சேர்க்கப்பட்டு, கீழ்ப்படுக்கை ஆயின. 1910-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட பியர்ஸ்-ஆரோ டூரிங் லாண்டோ என்னும் கார், பின்னிருக்கை படுக்கையாக மடியும் வசதியோடு வந்தது. பின்னாளில் டிரெய்லர் கட்டியவர்கள் ரயிலின் எதிரெதிர் இருக்கையையும் சுவர்மேசையையும் ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு வேறுபாடு மட்டும் முக்கியமானது. இங்கே இருக்கைகள் நகர்வதில்லை. மேசைப்பலகையே கீழே இறங்கி, இரு இருக்கைப் பெட்டிகளின் ஓரத்தில் அறையப்பட்ட மரச்சட்டங்களின் மேல் அமர்ந்து, படுக்கையின் நடுப்பகுதியாகிறது. இதனால் மேசையின் அளவு உண்பவர்களின் வசதியால் தீர்மானிக்கப்படாமல், இருக்கைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியால் தீர்மானிக்கப்படுகிறது. கைப்பெட்டி மாதிரி வேனுக்குள் ஏற்றி இறக்கக்கூடிய தளவாடத் தொகுதியை 1951-இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்காகச் செய்த ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், பின்னாளில் ஒற்றைக் காலில் சுழன்று ஒதுங்கும் சிறு மேசைகளைக் கொடுத்தது. அந்த வேன்களில் இடமே மிகக் குறைவு என்பதால் அங்கே ஒதுங்குவதே மேசையின் முதல் கடமையாக இருந்தது.

இன்றைய வண்டிகளில் பரவலாகக் காணப்படுவது குழாய்க்கால் மேசை. தரையில் வட்டமான உலோகக் குவளை ஒன்று திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். மேசைப்பலகையின் அடியிலும் அதே போன்ற குவளை இருக்கும். இரு முனைகளும் சற்றே கூம்பிய குழாய் இவ்விரண்டிலும் செருகப்பட்டு, வெறும் உராய்வால் மட்டும் இறுகி நிற்கும். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. இதன் எளிமை பாராட்டத்தக்கது. ஆனால் இந்த மேசைகள் ஆடத் தொடங்குவது ஏன் என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டிவிடும். 15 கிலோ எடையுள்ள பலகை 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஒற்றைக் குழாயின் மேல் இருப்பதாகக் கொள்வோம். உலர்ந்த சாலையில் பலமாகப் பிரேக் போட்டால் ஏற்படும் வேகக்குறைப்பு புவியீர்ப்பின் முக்கால் பங்குக்குச் சற்றே மேல்; அப்போது பலகையின் மேல் முன்னோக்கிச் செயல்படும் விசை ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமம். அது 70 சென்டிமீட்டர் நெம்புகோலின் உச்சியிலிருந்து இழுப்பதால், 12 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள அடித்திருகாணிகளைத் தரையிலிருந்து பிடுங்க முயலும் விசை ஏறத்தாழ 70 கிலோவாகப் பெருகுகிறது.

ஆயினும் மேசையின் பெரிய எதிரி பிரேக் அல்ல. உண்டு முடித்தவர் எழும்போது மேசையின் ஓரத்தில் கையூன்றி 25 கிலோ அளவுக்கு அழுத்தினாலே, குழாயிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி விழும் அந்த அழுத்தத்தின் திருப்புவிசை மேலே சொன்ன பிரேக்கின் திருப்புவிசையை மிஞ்சிவிடுகிறது. பலமான பிரேக் எப்போதோ ஒரு முறை. கையூன்றி எழுவது ஒவ்வொரு வேளையும். திருகாணிகள் தளர்வது பயணத்தில் என்று உரிமையாளர்கள் நினைத்தாலும், பெரும்பங்கு தளர்ச்சி வண்டி நிற்கும்போதே நடந்துமுடிகிறது. இரட்டைக் குழாய் மேசை இந்த வகையில் உறுதியானது. ஏனெனில் இரு கால்களின் வரிசையில் வரும் சுமையை ஒன்று அழுத்தத்தாலும் மற்றது இழுப்பாலும் பகிர்ந்துகொள்கின்றன.

தளர்ந்த திருகாணியைக் கண்டதும் அதைவிட நீளமான ஒன்றை முடுக்குவதே வழக்கமாகச் செய்யப்படும் பழுதுபார்ப்பு. வழக்கமாகத் தோற்பதும் அதுவே. காரணம் தரையில் இருக்கிறது. ஒரு வகை வண்டிகளின் தரை ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்டாலோ மரச்சீவல் பலகையாலோ ஆனது. அதில் திருகாணிக்கு ஓரளவு பிடி உண்டு. மற்றொரு வகையில் எடையைக் குறைப்பதற்காக, சில மில்லிமீட்டர் கனமே உள்ள இரண்டு மெல்லிய பலகைகளின் நடுவே நுரைப்பொருள் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். க்ரீம் பிஸ்கட்டில் ஆணி அடித்த கதையாக, திருகாணி எவ்வளவு நீளமாயினும் அது உண்மையில் பற்றுவது மேலேயுள்ள மெல்லிய தோலை மட்டுமே. மேலும், தரைக்கு அடியில் நன்னீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பிகள், வெப்பக்காற்றுக் குழாய்கள் ஆகியவை செல்கின்றன. அடிப்புறம் முழுவதையும் பிளாஸ்டிக் தகடு மூடியிருப்பதால் எது எங்கே உள்ளது என்பது பார்த்தால் தெரிவதில்லை. நீளத் திருகாணியை நம்புவது தொட்டியில் ஓட்டை போடும் வழியும் ஆகும்.

ஆகவே பிடியை ஆழத்தில் தேடாமல் பரப்பில் தேடுவதே அறிவுடைமை. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் சதுரமும் 12 மில்லிமீட்டர் கனமும் கொண்ட பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து, அதன் அடிப்புறத்திலிருந்து உள்மரை கொண்ட உலோக நட்டுகளைப் பதித்து, தரைவிரிப்பையும் வினைலையும் அகற்றிய வெற்றுத்தரையில் அத்துண்டைப் பாலியூரித்தேன் பசையால் முழுப்பரப்பும் படிய ஒட்டி, பசை உலர்ந்தபின் குவளையை அந்த நட்டுகளில் போல்ட்டால் முடுக்கினால், முன்பு நான்கு புள்ளிகளில் குவிந்த இழுப்பு முழுத் துண்டின் பரப்பிலும் பரவிவிடும். அடிப்புறத்தை அணுக முடியுமானால், தரையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டும் அதன் கீழே அகன்ற உலோகத் தகடும் இதனினும் மேல். மேசைப்பலகையின் அடியிலும் இதே கதைதான். துகள்பலகையில் திருகாணித் துளை ஒருமுறை தேய்ந்துவிட்டால், எப்பாக்ஸி தோய்த்த மரக்குச்சியால் துளையை அடைத்துப் புதிதாகத் துளையிடுவதே நிலைக்கும்.

சுவரில் மாட்டும் மேசைக்கு வேறொரு குறை உண்டு. அதன் ஒரு முனை சுவரிலுள்ள உலோகத் தண்டவாளத்தில் கொக்கியாகத் தொங்குகிறது. பலகையைச் சாய்வாக உயர்த்தினால் கழன்றுவரும்படியே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கொக்கியைப் பிடித்திருப்பது ஈர்ப்புவிசை மட்டுமே என்பதால், குண்டும் குழியுமான சாலையின் செங்குத்துக் குலுக்கல் அதை எழுப்பிவிடலாம். தண்டவாளம் வண்டியின் நீளவாக்கில் செல்வதால், பிரேக்கின்போது பலகை அதன் வழியே வழுக்கவும் செய்யலாம். தண்டவாளத்தின் இரு முனைகளிலும் சிறு தடுப்புகளும், பலகையைக் கீழ்நோக்கி இழுத்துப்பிடிக்கும் ஒரு தாழும் போதும். இவ்வளவு மலிவான பொருள்களைத் தொழிற்சாலைகள் ஏன் பொருத்துவதில்லை என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

மேசையை இடம் மாற்றும் விருப்பம் பெரும்பாலும் வயிற்றிலிருந்து பிறக்கிறது. இருக்கைகள் அசையாதவை, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் வசதி இல்லை, ஆகவே பருத்த உடலினருக்கு மேசையின் ஓரம் இடிக்கிறது. இதற்காகத் தரைக்குவளையைப் பெயர்ப்பது தேவையற்ற துணிச்சல். பலகையின் அடியிலுள்ள குவளையை மட்டும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தினாலே பலகை ஒரு பக்கம் விலகும். எதிர்ப்பக்கத்தில் அமர்பவர் அந்த அளவை இழப்பார். பலகையையே குறுக்கிவிடுபவர்கள், அது இரவில் மரச்சட்டங்களை எட்டாது என்பதையும், இடைவெளியை நிரப்பத் தனிப்பலகை ஒன்று வேண்டும் என்பதையும் முதலிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும். ஃபியட் டுகாட்டோ வேனின்மேல் கட்டப்படும் ஐரோப்பிய மோட்டார் ஹோம்கள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கை பின்னோக்கித் திரும்பி உணவிருக்கையாகிவிடுவதால், அதை எட்டும்படி பலகை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் நகர்ந்து பூட்டிக்கொள்ளும் சறுக்குத்தகடு கொடுக்கப்படுகிறது. படகுகளிலும் வேன்களிலும் பயன்படும் லாகுன் வகைக் கரம், இருக்கைப் பெட்டியின் பக்கச்சுவரில் பொருந்தி, உயரத்தையும் திசையையும் விருப்பப்படி மாற்றவிடுகிறது. தரை முற்றிலும் காலியாகிறது. ஆனால் முழுச்சுமையும் அந்த ஒரே பக்கச்சுவரில் விழுவதால், அதன் உட்புறத்தில் தடித்த பலகை வைத்து வலுவூட்டுவது இன்றியமையாதது.

பெரிய ஃபிஃப்த் வீல்களில் நான்கு காலும் நாற்காலிகளும் கொண்ட தனிமேசை வீட்டுத் தோற்றத்துக்காக வைக்கப்படுகிறது. இது பெரும்பாலும் ஸ்லைடு-அவுட்டில், அதாவது வண்டி நின்றபின் சுவரோடு வெளியே நீண்டு அறையை அகலமாக்கும் பகுதியில், நிற்கும். அத்தகைய பகுதி உள்ளே இழுக்கப்படும்போது மேசையின் முன்னோரத்துக்கும் எதிரேயுள்ள சமையல் மேடைக்கும் இடையே எஞ்சுவது சில அங்குலங்களே. மேசையை நகர்த்தி வைத்தவர் இதை அளக்க மறந்தால் மோட்டார் மேசையையும் மேடையையும் ஒருசேர நசுக்கும். தனிமேசையைக் கட்ட, இழுபடும் ரப்பர்க் கயிற்றைவிட இறுக்கும் கொளுவி உள்ள பட்டையே ஏற்றது. ரப்பர் முதலில் நீண்டுகொடுத்து, பிறகு மேசையைத் திருப்பி எறிகிறது. பட்டையின் மறுமுனை மாட்டப்படும் வளையம் சுவரின் மெல்லிய பலகையில் இல்லாமல் அதன் உட்சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மோதலின் கணக்கு வேறு. மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும் வண்டி அரை மீட்டரில் நின்றால், 15 கிலோ பலகை ஏறத்தாழ 300 கிலோ விசையோடு முன்னேறும். மேலே விவரித்த எந்தக் குவளையும் கொக்கியும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. மோட்டார் ஹோமின் உணவிருக்கையில் இடைவார் அணிந்து அமர்ந்திருப்பவரின் வயிற்றுக்கு நேரே அந்தப் பலகையின் ஓரம் இருக்கும். ஆகவே புறப்படுமுன் பலகையைக் கழற்றி இருக்கைச் சட்டங்களின் மேல் இறக்கி, மெத்தைகளை அதன்மேல் பரப்பிவிட்டால், முன்னும் பின்னுமுள்ள இரு இருக்கைப் பெட்டிகளும் அதைச் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் அதன்பின் எவரும் உட்காரக் கூடாது. குழாய்க் கால் தனியே கழன்று கிடப்பதால், அதையும் இருக்கைப் பெட்டியின் உள்ளே வைத்து மூடவேண்டும்.